கோர்ட்டுப் படியைக் காணோம்

அலெகெனி கவுண்டி மன்ற உறுப்பினர்களுக்கும், கவுண்டியின் நிர்வாகத் தலைவருக்கும்,

வணக்கம்.

கோர்ட்டுக் கட்டடத்தின் நான்காம் மாடியில் நீங்கள் கூடும் கோல்டு ரூமுக்கே வந்து நேரில் பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆளுக்கு மூன்று நிமிடம் தருவீர்களாம். என் அப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதற்குள் மூன்று நிமிடம் ஓடிவிடும். அதனால் மடலாக எழுதுகிறேன். தமிழில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் இங்கிலீஷில் மாற்றி உங்களுக்கு அனுப்புவாள். அந்தக் கட்டடத்தைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியதே தமிழில் வந்து விழுந்த ஒரு கேள்வியால்தான். தவிர, இந்தப் பிட்ஸ்பர்க் ஊர்த் தமிழர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்கு எந்த மாநிலத்திலிருந்து விருந்தாளி வந்தாலும் கூட்டிப்போகிறவர்கள், கிரான்ட் தெருவில் நிற்கும் கோர்ட்டை மட்டும், வழக்கில் தீர்ப்புச் சொல்ல ஊராரைக் கூப்பிடும் ஜூரி நோட்டீஸ் வந்த அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள். அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு.

அப்பா பாளையங்கோட்டைக்காரர். முப்பத்தெட்டு வருஷம் வக்கீல் குமாஸ்தா. வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது, ஸ்டாம்பு ஒட்டுவது, வாய்தா தேதி குறிப்பது, கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இந்தக் கோர்ட்டுக்கும் அந்தக் கோர்ட்டுக்கும் நடப்பது என்று ஓடிய பிழைப்பு. ஐம்பது வயதிலேயே முட்டி தேய்ந்துவிட்டது. அதனாலோ என்னவோ, தான் போய்வந்த கோர்ட்டுகளுக்கெல்லாம் எத்தனை படி என்று அவருக்கு மனப்பாடம். நீதிபதியின் பெயர் மறந்துபோகும், படிக் கணக்கு மறக்காது.

2011 கோடையில் இங்கே வந்திருந்தார். டவுன்டவுனுக்குக் கூட்டிப்போய், கிரான்ட் தெருவின் எதிர் நடைபாதையில் நிறுத்தி, "இதுதாம்ப்பா கோர்ட்டு" என்றேன். மேலே கோபுரத்தைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். அப்புறம் வாசலைப் பார்த்தார். அங்கேயே கண் நின்றுவிட்டது.

"ஏல, கோர்ட்டுன்னே. படியக் காணுமே?"

இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். வழக்குப் போடுவதை எங்கள் ஊரில் 'கோர்ட்டுப் படி ஏறுவது' என்றுதான் சொல்வோம். "எங்க வம்சத்துல ஒருத்தரும் கோர்ட்டுப் படி ஏறினதில்ல" என்று பெருமை பேசாத குடும்பம் குறைவு. அண்ணன் தம்பிக்குள் வாய்க்கால் தகராறு முற்றினால், "படி ஏறிருவேன், பாத்துக்கோ" என்பார்கள். படி இல்லாத கோர்ட்டு அப்பாவுக்குப் பிடிபடவில்லை. அந்தத் தெரு வழியாக நான் அதற்குள் பதின்மூன்று வருஷம் போய்வந்திருந்தேன். பாலங்களுக்குக் கணக்குப் போட்டுப் பிழைப்பவன் வேறு. எனக்கு அது உறைத்ததே இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை ஓக்லாண்டு கார்னகி நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

படி இருந்திருக்கிறது. தெருதான் கீழே போய்விட்டது.

கிரான்ட் தெருவுக்குப் பெயர் கொடுத்தது கிரான்ட் குன்று. குன்றுக்குப் பெயர் கொடுத்தவர் மேஜர் ஜேம்ஸ் கிரான்ட். 1758 செப்டம்பரில் ஃபிரெஞ்சுக்காரர்களின் டுகேன் கோட்டையை நோட்டம் பார்க்கப் பிரிட்டிஷ் படையோடு இங்கே வந்து, செமத்தியாக அடிவாங்கிப் பிடிபட்டவர். தோற்றவர் பெயரைக் குன்றுக்கு வைத்து அதே குன்றின் மேல் கோர்ட்டையும் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னதும் அப்பா ரசித்துச் சிரித்தார். கோர்ட்டுக்கு வருகிறவனில் பாதிப் பேர் தோற்றுப் போகிறவன்தானே என்றார்.

1788-ல் கவுண்டி உருவான பிறகு முதல் கோர்ட்டு இருந்தது, இன்றைக்கு மார்க்கெட் ஸ்கொயர் என்கிற பழைய 'டைமண்டு' சதுக்கத்தில். மரக் கட்டடம். இரண்டாவதைத்தான் குன்றின் மேல் கொண்டுபோய் வைத்தார்கள். ஜான் சிஸ்லெட் என்பவர் கிரேக்கக் கோயில் பாணியில் தூண்களும் குவிமாடமுமாக, சாம்பல் நிற மணற்கல்லில் 1840 வாக்கில் கட்டி முடித்தது. பிட்ஸ்பர்க்கின் கரிப்புகை அந்த மணற்கல்லைச் சும்மா விடவில்லை. இழைத்த கல்லின் மேல்தோல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, முகப்பே அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. 1882 மே மாதம் தீப்பிடித்து அதுவும் போயிற்று.

அடுத்த கட்டடத்துக்குப் போட்டி வைத்தார்கள். ஐந்து கட்டடக் கலைஞர்களை அழைத்தார்கள். ஜெயித்தவர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன். 1838-ல் லூசியானாவில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, பாரிஸில் எக்கோல் தே போஸார் கலைப்பள்ளியில் தேறி வந்தவர். பாஸ்டன் டிரினிட்டி தேவாலயத்தைக் கட்டி அதற்குள் நாடறிந்த பெயராகிவிட்டார். மலை மாதிரி உடம்பு, திக்குகிற பேச்சு, உள்ளே சிறுநீரகத்தை அரிக்கிற நோய். அவர் கையாண்ட பாணிக்கு அவர் பெயரையே வைத்து ரிச்சர்ட்சோனியன் ரோமனெஸ்க் என்கிறார்கள். அரைவட்ட வளைவுகள், முகத்தை இழைக்காமல் புடைத்தபடி விட்ட பெரிய பெரிய கற்கள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி ஒரு கனம். சிஸ்லெட்டின் வழுவழுப்பைத் தின்று தீர்த்த புகை இந்தச் சொரசொரப்பை என்ன செய்துவிடும் என்று கேட்கிற கல்.

கல் மாசச்சூசெட்ஸின் மில்ஃபோர்டிலிருந்து வந்தது. இளஞ்சிவப்பு கிரானைட். தமிழில் கருங்கல் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் 'இளஞ்சிவப்புக் கருங்கல்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்கும் இந்த ஊரே ஒரு வழி செய்திருக்கிறது. எஃகு ஆலைகள் ஓடிய காலத்தில் புகை படிந்து படிந்து கட்டடம் முழுக்கக் கறுத்துக் கிடந்ததாம். பல தலைமுறைக்கு அது நிஜமாகவே கருங்கல் கோர்ட்டுதான். தன் கல் சிவப்பு என்பதே ஊருக்கு மறந்துபோயிருந்ததாம்.

கட்டியவர்கள் வூஸ்டர் நகரத்து நார்கிராஸ் சகோதரர்கள். ரிச்சர்ட்சனின் வளைவுகளையும் கனத்தையும் நிஜக் கல்லில் நிறுத்திக் காட்டத் தெரிந்த ஒப்பந்தக்காரர்கள், டிரினிட்டி தேவாலயத்தையும் கட்டியவர்கள். கோர்ட்டோடு சேர்த்து அவர் வரைந்த சிறை 1886-ல் முடிந்தது. அதே வருஷம் ஏப்ரலில் ரிச்சர்ட்சன் இறந்துபோனார். வயது 47. இதுவரை செய்த சில்லறை வேலைகளுக்கே இத்தனை மரியாதை என்றால், பிட்ஸ்பர்க் முடிந்ததும் என்ன சொல்வார்களோ என்று கடைசி நாட்களில் சொல்லிக்கொண்டிருந்தாராம். முடிந்ததை அவர் பார்க்கவில்லை. அவர் அலுவலகத்திலேயே வளர்ந்த ஷெப்லி, ருட்டன், கூலிட்ஜ் மூவரும் 1888-ல் முடித்துக் கொடுத்தார்கள்.

இனி தெருவின் கதை. குன்றின் மேடு வண்டிகளுக்கும் டிராம்களுக்கும் வியாபாரத்துக்கும் இடைஞ்சல் என்று இந்த ஊர் ஏற்கெனவே இரண்டு தடவை அதைச் சீவியிருந்தது. 1912, 13-ல் மூன்றாவது தடவையாகப் பெரிய வெட்டு. கோர்ட்டுக்கு முன்னால் தெரு ஏறக்குறைய ஒரு மாடி ஆழத்துக்கு இறங்கிவிட்டது. எதிரே ஃப்ரிக் கட்டடத்தில் இன்று நாம் நுழையும் தளமும் அதற்கு முன் மண்ணுக்குள் இருந்ததுதான். கோர்ட்டின் வாசல் வளைவுகள் அந்தரத்தில் நின்றன. அவற்றை எட்ட ஒரு பெரிய படிக்கட்டு கட்டினார்கள். கொஞ்ச காலம்தான். கிரான்ட் தெருவை அகலப்படுத்தியபோது அந்தப் படிக்கட்டையும் எடுத்துவிட்டு, வளைவுகளைக் கீழ்நோக்கி நீட்டித் தெரு மட்டத்தில் கதவு வைத்தார்கள்.

அப்பா தேடிய படி போன கதை இவ்வளவுதான். கவுண்டி மக்கள் பல தலைமுறையாக அடித்தளத்தின் வழியாகத்தான் கோர்ட்டுக்குள் போகிறோம். பாட்டன் காலத்து வீட்டுக்கு வந்த சம்பந்தியை, தலைவாசலில் கோலம் போட்டு வைத்துவிட்டு, விறகு அறை வழியாக உள்ளே கூட்டிப்போகிற மாதிரி.

இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெருவை வெட்டியவர்கள் யாரும் இப்போது இல்லை. வெட்டியதற்குக் காரணமும் இருந்தது. அந்த அடித்தள நுழைவை நீங்கள் தினமும் கடப்பதால் உங்களுக்குப் பழகியிருக்கும். புதிதாக வருகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று ஒருதரம் நினைத்துப் பாருங்கள். வெளியே மூன்று வளைவுகள், இரண்டு பக்கமும் கல் சிங்கங்கள். தலையை அண்ணாந்தபடி கதவைத் தள்ளினால், உள்ளே கூரை சட்டென்று தலைக்கு மேல் இறங்குகிறது. பருத்த கட்டைத் தூண்கள். பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டு, பையில் இருக்கும் சில்லறையை எடுத்து வைக்கும்போது, ஏதோ குற்றம் செய்துவிட்டு வந்த உணர்வு தானாக வருகிறது. ரிச்சர்ட்சன் அதை வாசலாக வரையவே இல்லை. மேலே இருக்கும் பாரத்தைத் தாங்குவதற்கு வரைந்த இடம் அது.

அங்கிருந்து ஒரு மாடி ஏறினால் வேறு உலகம். பெரிய படிக்கட்டு. வெளிர் நிறக் கல்லில் வளைவுக்கு மேல் வளைவு, ஒன்றின் தோளில் இன்னொன்று கை போட்ட மாதிரி. அகன்ற வளைவு ஒன்று குட்டையான தூணில் கால் ஊன்றி எழும்புகிறது, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் முற்றத்திலிருந்து வரும் வெளிச்சம். என் தொழில்படி ஒன்று சொல்லியாக வேண்டும். வளைவு சும்மா நிற்பதில்லை. இரண்டு காலையும் வெளிப்பக்கம் உதைத்துக்கொண்டேதான் நிற்கும். அந்த உதையை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே அடுத்த வளைவு வாங்குகிறது, கடைசியில் தடித்த சுவர் வாங்குகிறது. நான் பாலத்துக்குப் போடும் கணக்கை அந்தப் படிக்கட்டில் நின்று கண்ணாலேயே பார்க்கலாம். அப்பா கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறினார். இடையில் இருக்கும் தளத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, "படிய உள்ள ஒளிச்சு வச்சிருக்கான்" என்றார்.

கோபுரத்தைப் பற்றியும் அவருக்குச் சொன்னேன். அலங்காரத்துக்கு எழுப்பியதில்லை. நடுப்பகலிலும் விளக்கு ஏற்ற வேண்டியிருந்த புகையூரில், தெருமட்டக் காற்றை உள்ளே விட்டால் நீதிபதிக்கும் இருமல், சாட்சிக்கும் இருமல். முன்பக்கக் கோபுரத்தின் உச்சியிலிருந்து, புகைக்கு மேலே இருக்கும் காற்றை இழுத்துக் கீழே கொண்டுவந்து கட்டடத்துக்குள் விட்டார்கள். கெட்ட காற்று பின்பக்கத்து இரண்டு கோபுரங்கள் வழியாக வெளியே போயிற்று. கட்டடத்துக்கே மூக்கு வைத்த மாதிரி. அதே 1888-ல்தான் சென்னையில் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் வேலை தொடங்கியது. 1892-ல் திறந்தார்கள். அதன் கோபுரத்துக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள், 1894-லிருந்து அதன் உச்சியில்தான் துறைமுகத்துக்கான கலங்கரை விளக்கம். ஒரு கோர்ட்டு ஊருக்காக மூச்சு வாங்கியது, இன்னொன்று கப்பலுக்கு வெளிச்சம் காட்டியது. அந்தக் காலத்தில் கோபுரம் கட்டினால் சம்பளத்துக்கு வேலை வாங்கியிருக்கிறார்கள்.

முற்றத்தில் நாங்கள் வெகுநேரம் இருந்தோம். நான்கு தெருக்களுக்கு நடுவே இப்படி ஓர் இடம் இருப்பதே வெளியே தெரியாது. வெளிமுகப்பைவிட முற்றத்துப் பக்கம்தான் அழகு என்பது என் கட்சி. தெருவுக்குக் காட்டும் முகத்தில் கொஞ்சம் விறைப்பு இருக்கிறது. உள்ளே வரிசை வரிசையாக வளைவு ஜன்னல்கள், மேலே போகப் போகச் சிறுத்து நெருங்குகின்றன. கீழே பெரிய கல், மேலே சின்னக் கல். அப்பா பெஞ்சில் உட்காரவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போய், ஒரு கல்லின் புடைப்பில் உள்ளங்கையை வைத்தார். வெயில் பட்டுச் சூடாக இருந்தது. நடுவில் கல் உடைத்த வாக்கிலேயே கரடாக விட்டிருக்கிறார்கள். ஓரத்தில் மட்டும், அடுத்த கல்லோடு சேரும் இடத்தில், உளி ஓடி நேர்கோடாகத் தீர்ந்திருக்கிறது. இணைப்பில் நகம் போனது, விரல் போகவில்லை. "சோம்பேறித்தனமா விட்டதுன்னு நெனச்சேன். ஓரத்தப் பாத்தா அப்படித் தெரியல" என்றார். கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இழைக்காத கல்லின் மேல் முதலில் மதிப்பு வரவில்லை. அந்த ஓரம்தான் அவரைத் திருப்பியது.

அந்த முற்றத்தை 1970-கள் வரை கார் நிறுத்தத்தான் வைத்திருந்தார்கள் என்பதைப் பிறகு படித்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

பின்பக்கம், ராஸ் தெருவுக்கு மேலே ஒரு மூடிய கல் பாலம் கோர்ட்டையும் பழைய சிறையையும் சேர்க்கிறது. வெனிஸ் நகரத்துப் பெருமூச்சுப் பாலத்தைப் பார்த்துச் செய்தது. தண்டனை கேட்டவர்களை ஊர் வேடிக்கை பார்க்காமல் இதன் வழியாகக் கூட்டிப்போனார்கள். இது இந்தக் கட்டடத்தின் கருணையா கொடுமையா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. சிறையின் சுவரைத்தான் கட்டடக் கலை படிக்கும் பிள்ளைகள் தேடி வருகிறார்கள். அலங்காரம் ஒன்றுமில்லை. கல், கல், மேலும் கல். அப்புறம் ஒரு வளைவு வாசல், அதன் கற்களோ ஆள் உயரம். 1902 ஜனவரியில் பிடில் சகோதரர்கள் இருவரும் இங்கிருந்து தப்பியது சுவரை உடைத்தல்ல. சிறைக் காப்பாளரின் மனைவி கேட் சாஃபல் உள்ளேயிருந்தே ரம்பமும் துப்பாக்கியும் கொடுத்து, கூடவே போய்விட்டார். மறுநாளே பட்லர் கவுண்டிப் பனியில் சுட்டுப் பிடித்தார்கள். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தக் கதை தெரிகிறது, கட்டியவர் பெயர்தான் தெரிவதில்லை.

எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது 1892 செப்டம்பர். கட்டடத்துக்கு நான்கு வயது. ஹோம்ஸ்டெட் எஃகாலைப் போராட்டத்தின் சூட்டில், ஆலையை நடத்திய ஹென்றி ஃப்ரிக்கைச் சுட்ட அலெக்சாண்டர் பெர்க்மன் இங்கே கூண்டில் நின்றார். வக்கீல் வைக்கவில்லை. இங்கிலீஷ் சரளமாக வராது என்று, சொல்ல வேண்டியதை ஜெர்மனில் எழுதி வைத்து வாசித்தார். மொழிபெயர்த்தவர் தடுமாற, முழுதாக வாசித்து முடிக்க விடவில்லை. 22 வருஷம் தீர்ப்பானது. அவர் செய்த காரியத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பேச வந்ததை வேறொரு மொழியில் யோசித்துக்கொண்டு அந்தக் கூரையின் கீழ் நின்ற முதல் ஆளும் இல்லை நான், கடைசி ஆளும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

சிறை 1995-ல் மூடியது. கைதிகள் ஆற்றங்கரையில் கட்டிய புதிய இடத்துக்குப் போனார்கள். 2000-ல் அதே சுவருக்குள் குடும்ப நீதிமன்றம் வந்தது, சில கைதி அறைகளை மட்டும் பார்வைக்காக அப்படியே விட்டிருக்கிறார்கள். இதில் கவுண்டியைப் பாராட்டத்தான் வேண்டும். இடித்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டி கட்டுவது எளிதாக இருந்திருக்கும். 1976-லேயே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தாகிவிட்டது. டொராண்டோவின் பழைய நகர மண்டபமும் மினியாபொலிஸின் நகர மண்டபமும் இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான். டொராண்டோ சொந்தக்காரர்கள் என் வீட்டுக்கு வந்தால், "உங்க ஊர்ல மணிக்கூண்டு வச்ச கட்டடம் இருக்கே, அதோட அண்ணன் வீட்டைப் பாருங்க" என்று இங்கே கூட்டி வருகிறேன்.

இனி, வந்த காரியம்.

படிக்கட்டைத் திரும்பக் கட்டித் தாருங்கள் என்று கேட்கவில்லை. முதலில் அப்படித்தான் கேட்க நினைத்தேன். பிறகு அப்பாவின் முட்டியை நினைத்துக்கொண்டேன். சக்கர நாற்காலியில் வருகிறவர், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் அம்மா, எல்லோரும் தெரு மட்டத்திலேயே நுழைய முடிவது ஒரு தற்செயலான புண்ணியம். அதைக் கெடுக்க வேண்டாம். இன்றைக்கு நடைபாதையின் அகலத்தில் அந்தப் படிக்கு இடமும் இல்லை.

கேட்பது ஒரு கோடு. கிரான்ட் தெரு முகப்பில், 1912-க்கு முன் தரை இருந்த உயரத்தில், விரல் அகலத்துக்கு ஒரு வெண்கலப் பட்டை. பக்கத்தில் நான்கு வரி: இந்த உயரத்தில் தெரு இருந்தது, இந்த வளைவுகள் வாசலாக இருந்தன, நீங்கள் இப்போது நுழைவது அடித்தளத்தில். நான் பார்த்தவரை அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை. பட்டையைப் பொருத்தும்போது கல்லில் துளை போட விடாதீர்கள். இணைப்புச் சாந்தில் மட்டும் ஆணி இறங்கட்டும். சாந்தைப் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். மில்ஃபோர்டு கல்லில் விழுந்த ஓட்டையை யாராலும் அடைக்க முடியாது.

இன்னொன்று ஜூரிகளைப் பற்றி. போன வருஷம் எனக்கும் நோட்டீஸ் வந்தது. முதல் மூன்று நாளுக்கு, நாள் ஒன்றுக்கு ஒன்பது டாலர் என்கிற பென்சில்வேனியா சட்டத்தின் தாராளத்தைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை. பெயர் கூப்பிடும்வரை காத்திருந்தோம். எங்கள் ஊர்க் கோர்ட்டாக இருந்தால் டவாலி வாசலில் நின்று மூன்று தரம் கத்துவார், கொஞ்சம் சுவாரசியமாக இருக்கும். இங்கே அத்தனை பேரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மெக்கீஸ்போர்ட்டிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, அவர் அப்பா ஆலையில் வேலை பார்த்தவராம். கீழே நுழைந்தபோது நிலவறை மாதிரி இருந்தது, வயிற்றைக் கலக்கியது என்றார். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அவரைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய், பழைய வாசல் மட்டத்தில் நிறுத்தி, தெரு கீழே போன கதையைச் சொன்னேன். வளைவுகளுக்குள் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அறுபத்தெட்டு வருஷமாக இந்தக் கவுண்டியில் இருக்கிறேன், இது என் கட்டடம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றார்.

காத்திருக்கிற நேரம் எப்படியும் காத்திருக்கிற நேரம்தான். விருப்பப்படுகிற ஜூரிகளுக்குக் கால் மணி நேரம், ஓர் ஆள் கூட வந்து படிக்கட்டையும் முற்றத்தையும் பாலத்தையும் காட்டட்டும். சம்பளத்துக்கு ஆள் வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

முற்றத்தைப் பற்றி ஒரே வார்த்தை: எந்தக் காலத்திலும், எந்த நெருக்கடியிலும், திரும்பக் கார்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்பா 2016-ல் காலமானார். குமாஸ்தா பழக்கத்தில் கடைசிவரை டைரி எழுதினார். வாய்தா தேதி எழுதும் அதே நெருக்கமான கையெழுத்து. ஊருக்குப் போய் அலமாரியை ஒழித்தபோது 2011 டைரி கிடைத்தது. பிட்ஸ்பர்க் பக்கத்தில் மூன்று வரி: "கோர்ட்டு பார்த்தது. வெளியே படி இல்லை, தெருவை இறக்கிவிட்டார்கள். மேற்படி விஷயம் விசாரிக்கவும்."

விசாரித்துவிட்டேன். கோட்டின் உயரத்தைப் பழைய படங்களை வைத்துக் கணக்கிட்டு ஒரு வரைபடம் இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரே ஒரு விஷயம். பழைய தெரு குன்றின் மேல் ஏறி இறங்கியது, சமதரையில்லை. அதனால் ஃபோர்ப்ஸ் அவென்யூ முனையிலிருந்து ஃபிஃப்த் அவென்யூ முனைவரை கோடு கிடையாக வராது, சற்றுச் சாய்ந்துதான் வரும். பார்க்க நேராக இருக்கட்டும் என்று உங்கள் ஒப்பந்தக்காரர் அதை நிமிர்த்தப் பார்ப்பார். விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வக்கீல் குமாஸ்தா ஒருவரின் மகன்,
மன்ரோவில், பென்சில்வேனியா